துருசுக்கு உள்பக்கம்

காலை ஆறேகாலுக்கு நாடாவின் சுழியத்தைக்
கண்ணாவின் வேரொன்றில் கட்டினேன்.
மறுமுனை நவ்பீஸின் கையில்.
தம்பலகாமக் குடா இன்னும் முழுதாய் விழிக்கவில்லை.
சேற்றுக்குள் ஏதோ
விரல் சொடுக்கிக்கொண்டிருந்தது.

முதற் சதுரம். மீற்றருக்கு மீற்றர்.
நான்கு குழாய், நான்கு முழங்கை மூட்டு.
விழுந்த இடத்தில் அதுதான் உலகம்.
உள்ளே: கண்ணா, மூச்சுவேர் நூற்றி நாற்பது,
ஒரு பிளாஸ்ரிக் செருப்பு, இடது கால்.
உப்பு, ஆயிரத்தில் முப்பத்தொன்று.
செருப்புக்குப் படிவத்தில் நிரல் இல்லை.

இலையைத் திருப்பி நக்கிப் பார்த்தேன்.
குடித்ததைத் துப்பி முதுகில் காயவைத்திருந்தது.
உப்புமானியும் நாக்கும் ஒத்துப்போயின.

முப்பதில் உமரி.
இது துப்பத் தெரியாதது.
எல்லாவற்றையும் தண்டுக்குள் வைத்துக்கொண்டு
சிவந்து நிற்கிறது,
கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்க முடியாதவனின் முகம்போல.

எழுபதில் தில்லை.
"மிஸ், அதுல கை வெக்காதீங்க.
பாலு கண்ணுல பட்டா
ரெண்டு நாளைக்கி உலகம் இல்ல."
பிறகு அவனே சிரித்தான்:
"ரெண்டு நாள் இல்லாட்டி என்ன."

நூற்றிப் பத்தில் கட்டு. கட்டில் துருசு.
அப்பால் பன், சம்பு,
அதற்கும் அப்பால் பச்சையென்றால் பச்சை, வயல்வட்டை.

திணைக்களம் கேட்டது ஒரு கோடு.
இதுவரை உப்பு, இனி இனிப்பு.
வட்டவிதானை பேரின்பநாயகம் நேற்றே வந்து சொன்னார்:
"கோட்டக் கட்டுக்கு அங்கால போடுங்கோ பிள்ளை.
இங்கால வந்தால் வெள்ளாமைக்கு உதவாத நிலமெண்டு
எழுதிப்போடுவாங்கள்."
சங்கத்துக்காரர் தேத்தண்ணீர் தந்து கேட்டது
அதற்கு நேர் எதிர்:
தையில் துருசைப் பூட்டியதிலிருந்து
அத்தாங்கில் இறாலில்லை, தண்ணீர்தான் வருகிறது.
இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.
அதுதான் சிக்கல்.

செடிகள் கோடு போடுவதில்லை.
உமரி விட்டுக் கோரை பிடிக்கும் இடத்தில்
நான்கு மீற்றர்
இருவரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள்,
குறிப்பெடுக்க முடியாதபடி.

கட்டைத் தாண்டிக் குதித்தேன்.
நூற்றிப் பன்னிரண்டு. சதுரத்தை வைத்தேன்.
சம்பு இருக்கவேண்டிய இடத்தில்
கண்ணா நாற்றுகள்.
இரண்டு சோடி இலை.
அவரைவிதை பிளந்த தோல்
இன்னும் ஒன்றில் ஒட்டியிருந்தது.
மிதந்து வந்தவை.
கதவு திறவாமல் மிதந்து வரமுடியாதவை.
மூன்று மாதத்துப் பிள்ளைகள், சித்திரைப் பிறப்பு.

துருசைப் பார்த்தேன்.
பூட்டில் துரு.
பிணைச்சலில் எண்ணெய்.

அப்போதுதான் நாடா தளர்ந்தது.
ஒரு கணம். பிறகு
அளவுக்கு மேலே இறுகியது.

"எத்தன, மிஸ்?"
"பதினொன்று."
கொக்கொன்று காலை மாற்றிவைத்தது.
"புடுங்கிருவமா?"
கேட்டவன் என்னைப் பார்க்கவில்லை.
முழங்கால்வரை சேறு.
பெருவிரலில் வலைநூல் அறுத்த பழைய கோடு.
அது ஒன்றுதான் அன்று நான் கண்ட
நேரான கோடு.

"பிடுங்கினால் பதினொரு குழி என்று எழுதவேண்டும்."

எழுதினேன்:
கண்ணா, நாற்று, பதினொன்று. உப்பு, பதினாறு.
காரணம் என்ற நிரலில்
பேனை கொஞ்சநேரம் நின்றது.
வியர்வை சொட்டி மை ஊதிப்போனது.
அதை அப்படியே விட்டேன்.

திருகோணமலைக்கு வந்து, மின்விசிறிக்குக் கீழே,
பத்தாயிரத்துக்கு ஒன்று அளவில் வரைந்தேன்.
அரை மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு கோடு,
தரையில் அது ஐந்து மீற்றர் அகலம்.
கட்டு, துருசு, எண்ணெய், நாற்றுகள்
எல்லாம் மைக்கு உள்ளேயே அடங்கிவிட்டன.
வட்டவிதானை பார்த்தால் வெளியே இருப்பதாகச் சொல்வார்.
சங்கத்துக்காரர் உள்ளே என்பார்.
நான் பொய் வரையவில்லை.
மெல்லிய பேனையும் மேசையில்தான் கிடந்தது.

இரவு நாடாவை நல்ல தண்ணீரில் கழுவினேன்.
நூற்றிப் பன்னிரண்டில்
சேறு போகவில்லை.